பொட்டு வைத்த கீல்

பேக்கரி அடுப்பு செய்கிற அந்தக் கம்பெனியில் அறுபத்து மூன்று பேர் வேலை பார்த்தார்கள். அறுபத்திரண்டு பேருக்கு ஏதாவது தெரியாவிட்டால் அறுபத்து மூன்றாவது ஆளின் ஜன்னலுக்கு முன்னால் போய் நிற்பார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள் ஸ்டோரக்கா. முதலாளியே சில நாள் அந்த வரிசையில் நின்றிருக்கிறார், முன்னால் நிற்பவனின் முதுகைத் தட்டி "சீக்கிரம் கேட்டுட்டு நகருப்பா" என்று சொன்னபடி.

வெளியூர் பேக்கரிகளிலிருந்து போனும் அவளுக்குத்தான் வரும்.

"அக்கா, அடுப்புக்குள்ள பூனைக்குட்டி கத்துற மாதிரி சத்தம் வருது."

"எந்த வருஷம் வாங்கினது?"

"அது தெரியலையே."

"கதவோட கைப்பிடி கறுப்பா, வெள்ளியா?"

"வெள்ளி."

"அப்போ ஃபேன்ல இருக்கிற புஷ் தேஞ்சிருக்கும். உங்களுக்குச் சின்ன புஷ். பெருசு போட்டா சுத்தாது. நாளைக்கு அனுப்பி வெக்கிறேன்."

இதற்காக அவள் எந்தக் கோப்பையும் புரட்டியதில்லை. கோப்பில் இருந்தால்தானே புரட்ட? வரைபடத்தில் ஒன்று இருக்கும், அடுப்பில் பூட்டியிருப்பது வேறாக இருக்கும். வேலை அவசரத்தில் ஒரு போல்ட்டை மாற்றியிருப்பார்கள், ஒரு தகட்டை ஒரு விரல் கூடுதலாக மடித்திருப்பார்கள். எழுதி வைக்க யாருக்கும் நேரமிருந்ததில்லை. "அக்காகிட்ட சொல்லிட்டியா?" என்று ஒரு கேள்வி, "சொல்லிட்டேன்" என்று ஒரு பதில். அந்தக் கம்பெனியில் பதிவு செய்வது என்றால் அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் இதே ஞாபகசக்தி அவளுக்கு ஒரு பைசாப் பெருமையும் வாங்கித் தரவில்லை. பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பாள். அர்த்தம் கேட்டால் விழிப்பாள். "சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை" என்று வாத்தியார் சொல்ல, வகுப்பே சிரிக்கும். இருபத்திரண்டு வயதில் மூன்று மாத டெலிபோன் வேலைக்கென்று இந்தக் கம்பெனிக்கு வந்தாள். ஸ்டோர் பார்த்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். முதலாளி அப்போது தானே வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த காலம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எட்டாம் நம்பர் பர்னர் எங்க இருக்குன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கத்தினார். டெலிபோன் மேசையிலிருந்து ஒரு சின்னக் குரல், "கீழ்த்தட்டு, இடது கோடி, சாக்குக்குப் பின்னால" என்றது. ஒரே ஒரு தடவை, விளக்குமாறு எடுக்க உள்ளே போனபோது பார்த்தது. பர்னர் அங்கேயே இருந்தது. "ரொம்ப நன்றிம்மா. நாளையிலேருந்து சாவி உங்ககிட்ட" என்றார். கிளிப்பிள்ளை என்று சிரித்த உலகத்தில் அதற்கு நன்றி சொன்ன முதல் ஆள் அவர்தான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் இருபத்து நான்கு வருடம் அங்கே உழைத்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்த இருபத்து நான்கு வருடமும் வலது முட்டியில் இறங்கியிருந்தது. சிமென்ட் தரையில் நின்று நின்று, ஏணியில் ஏறி இறங்கி, முட்டியில் தேய இனி ஒன்றும் பாக்கியில்லை என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆறு வாரம் வேலைக்குப் போகக் கூடாது. அவள் மூன்று தடவை தேதி வாங்கினாள், மூன்று தடவையும் தள்ளிப் போட்டாள். ஒரு தடவை பெரிய ஆர்டர், ஒரு தடவை வெளிநாட்டு ஏற்றுமதி, ஒரு தடவை வருடாந்தர இருப்புக் கணக்கெடுப்பு.

அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தைலம் தேய்த்துவிடும்போதெல்லாம் சொல்வார், "உன் கம்பெனி மொத்தமும் இந்த ஒரு முட்டி மேல நிக்குது. பாவம், இது எத்தனை பேரைத்தான் தாங்கும்?"

"நான் இல்லன்னா ஒரு நாள் ஓடாதுங்க" என்பாள். சொல்லும்போது வருத்தம்போலத்தான் இருக்கும். உள்ளே கொஞ்சம் பெருமையும் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

எக்ஸ்ரேவுக்கும் ரத்தப் பரிசோதனைக்குமாக அவள் இரண்டு நாள் லீவு எடுத்தாள். அந்த இரண்டு நாளில் கம்பெனியிலிருந்து பதினேழு போன். ஒன்றை எக்ஸ்ரே மேசையில் படுத்தபடியே எடுத்து, அங்கிருந்தவரிடம் திட்டு வாங்கினாள். மூன்றாம் நாள் வேலைக்கு வந்தால், வாசலிலேயே அக்கவுண்ட்ஸ் சார் பிடித்துக்கொண்டார்.

"நேத்து மீட்டிங் போட்டோம். கம்பெனிக்கு ஒரு சாஃப்ட்வேர் வாங்கப் போறோம். ஸ்டோர், ஆர்டர், ரிப்பேர் எல்லாம் ஒரே இடத்துல. எது வாங்கலாம்னு முடிவு பண்ண அஞ்சு பேர் குழு. முதலாளி, நான், ஃபோர்மேன், மெக்கானிக், அப்புறம் நீங்க."

அவள் மனசில் ஓடியது ஒன்றுதான். இரண்டு நாள் வரவில்லை, அதற்குள் மாற்று ஆள் பார்த்துவிட்டார்கள். அதுவும் சம்பளம் கேட்காத, முட்டி தேயாத ஆள்.

முதலாளி ஒரு கட்டுக் காகிதத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். "நமக்கு என்னென்ன வேணும்னு பட்டியல். உங்க பகுதி பதினாலாம் பக்கத்துலேருந்து. பார்த்துச் சரி பண்ணுங்க."

பதினாலு என்றால் அவளுக்குப் பதினாலுதான். அங்கே புரட்டினாள். மேலே கொட்டை எழுத்தில் இருந்தது: 'ஸ்டோர் விவரங்கள் எல்லாம் ஆள் இல்லாமலே கிடைக்க வேண்டும்.' ஆள் இல்லாமலே. மூன்று தடவை படித்தாள்.

அடுத்த மாதம் மூன்று கம்பெனிக்காரர்கள் தங்கள் மென்பொருளைக் காட்ட வந்தார்கள். முதலாமவர் சுவர் முழுக்க வண்ண வண்ணமாகப் படங்களை ஓட விட்டார். அழகாகத்தான் இருந்தது. "வெள்ளிக் கைப்பிடி அடுப்புக்குச் சின்ன புஷ்னு இதுக்குத் தெரியுமா?" என்று ஸ்டோரக்கா கேட்டதற்கு, அதெல்லாம் பிறகு பேசலாம் என்றார். இரண்டாமவர் எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம்" என்றார். கடுப்பான மெக்கானிக், "காபி போட்டுக் குடுக்குமா?" என்று கேட்டான். அந்த ஆள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, "அடுத்த வெர்ஷன்ல பார்க்கலாம் சார்" என்றார். அன்று சாயங்காலம் வரை பட்டறையில் சிரிப்பு அடங்கவில்லை.

மூன்றாவதாக வந்தவள் ஒரு பெண். நான்கே பேர் உள்ள சின்னக் கம்பெனி. படம் எதுவும் காட்டவில்லை. ஸ்டோரில் ஒரு மரப்பெட்டிமேல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். கேள்வி, கேள்வி, கேள்வி. இது ஏன் இங்கே, அது ஏன் இரண்டு, இதை யார் கேட்பார்கள். பட்டறைக்காரர்கள் அவளுக்குக் கேள்வியம்மா என்று பெயர் வைத்தார்கள்.

"இதெல்லாம் எங்கக்கா எழுதி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

ஸ்டோரக்கா தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். கேள்வியம்மா சிரிக்கவில்லை. "அப்பா! எவ்வளவு பாரம்" என்றாள்.

முதலாளி கேள்வியம்மாவுக்கே ஒரு வாய்ப்புக் கொடுத்தார். இரண்டு மாதம் ரிப்பேர் சாமான்களை மட்டும் அந்த மென்பொருளில் ஓட்டிப் பார்ப்பது, பிறகு ஐந்து பேரும் கூடி வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது. சாமான் விவரங்களைச் சொல்ல வேண்டியவள் ஸ்டோரக்கா. ஒரு மாதம் உட்கார்ந்து மூவாயிரத்து இருநூற்றுச் சொச்சம் சாமான்களின் விவரத்தை அதில் ஏற்றினாள். வெள்ளிக் கைப்பிடிக்குச் சின்ன புஷ், கறுப்புக்குப் பெரியது. ஒவ்வொன்றாக அவளைவிட்டு அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் கீல்கள் முறை வந்தது.

இடது பக்கம் திறக்கும் கதவுக்கு ஒரு கீல், வலதுக்கு ஒரு கீல், ஏற்றிவிட்டாள். மிச்சம் இருந்தது பொட்டு வைத்த கீல். பதினோரு வருடத்துக்கு முன்னால், தகடு மடிக்கிற மெஷின் கோளாறால் நாற்பத்திரண்டு அடுப்புச் சட்டங்கள் அரை சென்டிமீட்டர் குறுகிப் போயின. "இதுக்காக நாப்பத்திரண்டையும் தூக்கிப் போடவா?" என்று முதலாளி கீலின் ஆணியைச் சின்னதாக வெட்டச் சொன்னார். அடையாளத்துக்கு மஞ்சள் பெயின்ட்டில் ஒரு பொட்டு. எந்த நாற்பத்திரண்டு அடுப்பு, எந்தெந்த பேக்கரி என்பது எழுத்தில் எங்கும் இல்லை. அக்காவிடம் சொல்லியாகிவிட்டது, அவ்வளவுதான்.

அவள் விரல் அந்த இடத்தில் நின்றது. நாளைக்கு ஏற்றலாம் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் ஏற்றவில்லை. அதற்கு மறுநாள், இது நாளைக்கு என்கிற சோம்பல் இல்லை என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. ஒன்றே ஒன்றாவது தன்னிடம் இருக்கட்டும் என்று பதுக்கிவிட்டாள். பதுக்கல்தான், வேறு நல்ல வார்த்தை இதற்கு இல்லை.

எட்டாவது வாரம் ஒரு வெளியூர் பேக்கரியில் அடுப்புக் கதவு கழன்று விழுந்தது. ரிப்பேர் போன்களை இப்போது ஆபீஸ் பையன்களே எடுத்தார்கள். ஜன்னலுக்கு ஓட வேண்டிய வேலை இல்லை, மென்பொருளைக் கேட்டார்கள். இடது கதவு, இந்த நம்பர் கீல், கையிருப்பு இருக்கிறது என்று அது சொன்னது. மெக்கானிக் கீலை எடுத்துக்கொண்டு நான்கு மணி நேரம் வண்டி ஓட்டிப் போனான். ஆணி நீளம். கதவு மூடவில்லை. அங்கிருந்தே போன் செய்தான்.

"அக்கா, பொட்டு வெச்ச கீல் எங்க இருக்கு?"

"மூணாவது அலமாரி, பிஸ்கட் டப்பா" என்றாள்.

"சரிக்கா" என்று வைத்துவிட்டான். திரும்பி வந்து, டப்பாவிலிருந்து கீலை எடுத்து, மறுபடி நான்கு மணி நேரம் ஓட்டினான். பேக்கரிக்காரருக்கு ஒரு நாள் அடுப்பு எரியவில்லை. பிசைந்து வைத்த மாவெல்லாம் புளித்துப் போய்க் கொட்டினார்.

பட்டறையிலோ ஒரே கொண்டாட்டம். "கம்ப்யூட்டர் கவுந்துடுச்சு! நம்ம அக்கா ஜெயிச்சுட்டாங்க!" என்று ஃபோர்மேன் ஊரைக் கூட்டினார். போகிறவன் வருகிறவனெல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "உங்கள மாதிரி வருமாக்கா?" என்றான். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். அவள் சிரித்துச் சிரித்து வாய் வலித்தது.

சாப்பாட்டு நேரத்தில் மெக்கானிக் தன் டப்பாவோடு ஸ்டோருக்குள் வந்து உட்கார்ந்தான். பாதி சாப்பிட்ட பிறகு சொன்னான்.

"வாஷரக்கூட விடாம ஏத்தியிருக்கீங்க. பொட்டு வெச்ச கீல் மட்டும் இல்ல. நீங்க மறக்கிற ஆளில்லக்கா."

அவள் சோற்றை விரலால் அளைந்தாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. ஆனா வர்ற திங்கக்கிழமை மீட்டிங்ல என்னைக் கேப்பாங்க. சாஃப்ட்வேர் சரியில்லன்னு சொன்னா பொய். நல்லாருக்குன்னு சொன்னா, அப்போ ஏன் தப்பாச்சும்பாங்க. உங்க பேரை எடுக்க என்னால முடியாது. அன்னைக்கு நான் லீவு போட்டுடறேன்."

எட்டு எட்டு, பதினாறு மணி நேரம் வண்டி ஓட்டியவன் அவளைக் காப்பாற்ற லீவும் போடுகிறேன் என்கிறான். அவள் தன் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

அன்று வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் தைலப் புட்டியை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "சொன்னா வேலை போயிடுமோன்னு பயமா?"

"போகலாம். சொல்லலன்னா நான் அங்கேயே இருப்பேன். எல்லாரும் என்னையே கேப்பாங்க."

"முட்டி?"

"அது கிடக்குது."

"மாவு புளிச்சுப் போனவனுக்கு அது கிடக்குதுன்னு சொல்ல முடியுமா?" என்றார். அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை முதலாளி அறையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். மெக்கானிக்கை லீவு போட வேண்டாம் என்று அவளே சொல்லி வரவழைத்திருந்தாள். ஆனால் என்ன பேசுவது என்று அவளுக்கே தெரியாது. ஓரத்து நாற்காலியில் கேள்வியம்மா, மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி.

அக்கவுண்ட்ஸ் சார் ஆரம்பித்தார். "ஒரு கீலுக்கே இந்தக் கதின்னா, முழுக் கம்பெனியையும் எப்படி நம்பி விடறது? வேண்டாம்னு முடிச்சுக்கலாம்."

கேள்வியம்மா எழுந்து நின்றாள். "தப்பு எங்க மேலதான் சார். இப்படி விதிவிலக்கு ஏதாவது இருக்கான்னு கீல் பத்தி நான் அக்காகிட்ட கேட்டிருக்கணும். கேக்கல. பேக்கரிக்காரர்கிட்ட நானே மன்னிப்பு கேட்டுட்டேன்."

கேட்டிருந்தாள். ஸ்டோரக்காவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு வியாழக்கிழமை, அதே மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, "கீல்ல வேற ஏதாவது இருக்காக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று இவள்தான் சொன்னாள். இப்போது அந்தப் பெண் அதைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள்.

"அவங்க கேட்டாங்க" என்றாள் ஸ்டோரக்கா. "நான்தான் இல்லன்னு சொன்னேன். பொட்டு வெச்ச கீல நான் ஏத்தல."

ஃபோர்மேன் குறுக்கே விழுந்தார். "மறந்திருப்பீங்க, விடுங்கக்கா. மனுஷங்கதானே."

எவ்வளவு நல்ல மனிதர். கதவைத் திறந்தே வைத்துவிட்டார், நுழைந்துவிட்டால் போதும். ஆனால் அந்த அறையில் வேறு யார் வேண்டுமானாலும் மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். அவள் சொல்ல முடியாது. சொன்னால் இருபத்து நான்கு வருடமும் பொய்யாகிவிடும்.

"மறக்கல. வேணும்னேதான் விட்டேன்."

முதலாளியின் முகம் சிவந்தது. "ஒரு மனுஷனுக்கு ஒரு நாள் பொழப்பு போச்சும்மா! ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"எல்லாம் அதுக்குள்ள போயிட்டா, அப்புறம் நான் எதுக்குன்னு தோணிச்சு. 'ஆள் இல்லாமலே'ன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? ரெண்டு நாள் லீவு போட்டேன், அதுக்குள்ள..." என்றாள். அழக் கூடாது என்று நினைத்திருந்தாள், அழுதாள்.

முதலாளி அவளையே பார்த்தார். பிறகு மேசைமேல் கிடந்த காகிதக் கட்டைத் தள்ளினார். "முதல் பக்கத்தைப் படிங்க."

"என் பகுதி பதினாலுலேருந்துன்னீங்க."

"படிக்கவே இல்லையா?" என்று அவர் கேட்டார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மெக்கானிக்கும் அக்கவுண்ட்ஸ் சாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை மாதமாக அவளுக்குத் தெரியும் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஸ்டோரக்காவுக்குத் தெரியாதது என்று ஒன்று இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விதான் அச்சடித்திருந்தது: 'இந்த மென்பொருள் வந்தால் முதலில் நடக்க வேண்டியது என்ன?' கீழே முதலாளியின் கோணல்மாணல் கையெழுத்து. அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"ஸ்டோரக்கா ஆறு வாரம் லீவு எடுத்து முட்டி ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும். அந்த ஆறு வாரமும் இங்கிருந்து அவருக்கு ஒரு போன்கூட..."

அதற்குமேல் எழுத்து கலங்கியது. மிச்சத்தை மெக்கானிக் வாங்கிப் படித்தான். "ஒரு போன்கூடப் போகக் கூடாது. அவர் நல்லபடியாகத் திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். இனி ஏணி ஏறக் கூடாது."

கீழே குழுவில் மற்ற நான்கு பேரின் கையெழுத்து. தேதி, அவள் எக்ஸ்ரே மேசையில் படுத்திருந்த நாள்.

"பதினேழு போன்" என்றார் முதலாளி. "அதுல கடைசியா பண்ணினவன் நான். எக்ஸ்ரே எடுக்கிறவர் உங்களத் திட்டினது எனக்குக் கேட்டுச்சு. வெக்கமாப் போச்சும்மா. அன்னைக்கே மீட்டிங் போட்டேன். முதல் ரெண்டு கம்பெனிக்காரங்க இந்தப் பக்கத்தைப் புரட்டிட்டுப் போயிட்டாங்க. இந்தம்மா மட்டும்தான், 'இவங்க யாரு, நான் பார்க்கணும்'னு கேட்டாங்க. அதனாலதான் இவங்களுக்கு டிரையல் குடுத்தேன்."

ஸ்டோரக்கா ஒவ்வொருவராகப் பார்த்தாள். கோபக்கார முதலாளி, பதினாறு மணி நேரம் வண்டி ஓட்டியவன், கதவைத் திறந்து வைத்தவர், வேண்டாம் என்று சொல்ல வந்து இப்போது மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிற அக்கவுண்ட்ஸ் சார், செய்யாத தப்பைச் சுமக்கப் பார்த்த அந்தப் பெண். இவர்களை நம்பாமல் போனோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது நன்றி. கை கூப்பினாள்.

"கும்பிடெல்லாம் அப்புறம்" என்றார் முதலாளி. "கீல் மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?"

"அது ஒண்ணுதான். சத்தியமா."

"சரி. வாங்கிடலாமா?" என்று மற்றவர்களைப் பார்த்தார். நான்கு கைகள் உயர்ந்தன, அவளுடையதும் சேர்த்து. "இப்போ ரெண்டு போன் பண்ணணும். முதல்ல பேக்கரிக்காரர்கிட்ட, நடந்ததை நடந்தபடி சொல்லி மன்னிப்பு கேளுங்க. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு. இங்கேயே, எங்க முன்னாலயே."

பேக்கரிக்காரர் இரண்டு நிமிடம் நன்றாகத் திட்டினார். அவள் நின்றபடியே முழுவதையும் கேட்டுக்கொண்டாள். திட்டி முடித்துவிட்டு, "சொல்லணும்னு தோணிச்சே, அது வரைக்கும் சந்தோஷம்" என்று வைத்தார்.

ஆஸ்பத்திரியில் தேதி கொடுக்கிற பெண்ணுக்கு அவள் குரல் நன்றாகவே தெரிந்திருந்தது. "வர்ற புதன்கிழமை ஒரு இடம் இருக்கு. ஆனா அம்மா, ஏற்கெனவே மூணு தடவை தள்ளிப் போட்டிருக்கீங்க. இந்த வாட்டியாவது வருவீங்களா?"

ஸ்டோரக்கா நிமிர்ந்தாள். அறையில் ஒருவரும் எழுந்து போகவில்லை. ஐந்து பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துடுவேன்ம்மா. வரலன்னா இவங்க விட மாட்டாங்க."